துவக்குக்கும் முச்சை உண்டு

தை பிறந்துவிட்டால் வடமராட்சியின் வானம் சிறுவர்களுக்கு உரியதாகிவிடும். தைப்பொங்கல் நாளிலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியைக் காண ஊர்கள் பல திரண்டு வருவதை வாசகர்கள் அறிவார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க எமது உடுப்பிட்டியிலும் முற்றங்கள் தோறும் மூங்கில் சீவும் ஓசை எழும். பட்டம் கட்டி முடித்த பையன் அதனை உடனே உயரத்துக்கு ஏற்றிவிடுவதில்லை. முச்சை கட்டுகிறான், சிறிது தூரம் ஏற்றிப் பார்க்கிறான். பட்டம் இடப்பக்கம் சரிந்து குத்துகிறது. இறக்குகிறான், முச்சையின் முடிச்சைச் சிறிது நகர்த்துகிறான், மீண்டும் ஏற்றுகிறான். இப்படி நாலைந்து முறை சோதித்த பின்னரே நூற்கட்டையை அவிழ்த்து விடுகிறான். சரிந்த பட்டத்தைக் கண்டு அவன் காற்றைக் கோபிப்பதில்லை. தன் கையை நொந்துகொள்வதுமில்லை. பிழை முச்சையில் இருக்கிறதா என்று முதலிற் பார்க்கிறான்.

இந்தச் சிறுவனை நாம் இங்கே அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பில் எறியங்கள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், துவக்குச் சன்னமும் எறியந்தானே? குறியை நேரே பிடித்து வெடி வைத்தால் நேரே போய்ப் படாதா? பிறகு ஏன் ஒலிம்பிக்கில் சுடுகிறவர்கள் போட்டிக்கு முன்னர் சுட்டுச் சுட்டுப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டான்.

வகுப்பு ஒருகணம் அமைதியாயிற்று. 'துவக்கு' என்ற சொல் எமது மண்ணிலே சாதாரணச் சொல் அன்று. மாணவர்கள் அதனைப் பெற்றோர் வாயிலாகவே அறிந்தவர்கள். நாமோ 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது, வெடியோசையைக் கேட்டுத் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு ஓடிய சிறுவர்களுள் ஒருவர். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லாமற் கடந்து போவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. அன்று கரும்பலகையில் தந்த விடையையும், அதற்குச் சில ஆண்டுகளின் முன்னர் நாம் நேரிலே கண்ட ஒரு காட்சியையும் இணைத்து இங்கே எழுதுகிறோம்.

கரும்பலகையில் விழுந்த சன்னம்

வேட்டைத் துவக்கின் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேகத்துடன் குழலை விட்டுப் புறப்படுகிறது. அவ்வளவு வேகத்திற் செல்லும் பொருள் நேர்கோட்டிலேயே செல்லும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் புவியீர்ப்பு வேகத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. மாமரத்திலிருந்து விழும் மாங்காயும், குழலிலிருந்து பாயும் சன்னமும் ஒரே விதமாகவே கீழ்நோக்கி விழுகின்றன.

காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிடுவோம். 100 மீற்றர் தூரத்தைக் கடக்கச் சன்னத்துக்கு 0.125 செக்கன் தேவை. அதற்குள் அது ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் விழுந்துவிடும். 200 மீற்றரில் வீழ்ச்சி 30 சென்ரிமீற்றரைத் தாண்டும். 300 மீற்றரிலோ 69 சென்ரிமீற்றர். தூரம் இரண்டு மடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்காகிறது. காற்றுத் தடையையும் சேர்த்தால் இவ்வீழ்ச்சிகள் இன்னும் கூடும்.

மற்றுமொன்று. கண் பார்க்கும் கோடு வேறு. சன்னம் செல்லும் பாதை வேறு. தொலைநோக்கிக் குறிகாட்டி பூட்டிய துவக்கிலே, அக்குறிகாட்டி குழலுக்கு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மேலே அமைந்திருக்கும். கண்ணின் கோடு நேர்கோடு. சன்னத்தின் பாதை பரவளைவு. குழலைச் சிறிதே மேல்நோக்கிச் சாய்த்து, இந்த இரண்டும் ஒரு குறித்த தூரத்திற் சந்திக்குமாறு செய்தல் வேண்டும். அவ்வாறு செய்வதையே துவக்குக்குக் குறி பொருத்துதல் என்கிறோம். பட்டத்துக்கு முச்சை எப்படியோ, துவக்குக்குக் குறிகாட்டி அப்படி.

100 மீற்றரிற் சந்திக்குமாறு பொருத்திய துவக்கினால் 200 மீற்றரில் உள்ள பொருளை நடுவே குறிபார்த்துச் சுட்டால், சன்னம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் கீழே படும். 300 மீற்றரில் 38 சென்ரிமீற்றர் கீழே படும். மாணவர்கள் வீட்டிலிருந்தே இக்கணக்கைச் செய்து சரிபார்க்கலாம். இந்த 11 சென்ரிமீற்றரை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் முடிவில் அது மீண்டும் வரும்.

அத்தானின் துயரம்

எமது மூத்த சகோதரியின் கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கிறார். உடுப்பிட்டியிற் பிறந்து, தொண்டைமானாற்று நீரேரியில் நீந்தி வளர்ந்தவர். அங்கே தொழிற்சாலையில் உடன் பணிபுரிந்த நண்பர்களோடு சேர்ந்து மான் வேட்டைக்குப் போகப் பழகியவர். அந்நாட்டிலே துவக்கு வைத்திருக்க வேண்டுமாயின் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி உரிமம் பெறவேண்டும். வேட்டையாட அதற்கென வேறு பயிற்சியும் அனுமதியும் வேண்டும். அவையெல்லாம் முறைப்படி பெற்றவர் அவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஐப்பசி மாதத்தில் நாம் அவர் வீட்டிலே தங்கியிருந்தோம். மேப்பிள் மரங்கள் சிவந்து இலையுதிர்க்கும் காலம். வேட்டைக்காலம் தொடங்க இரண்டு வாரங்கள் இருந்தன. இரவு உணவின்போது அத்தான் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, முன்னைய ஆண்டு நடந்ததைச் சொன்னார்.

"எண்பது மீற்றர்கூட இராது, தம்பி. பக்கவாட்டிலே அசையாமல் நின்றது. ஆறுதலாகத்தான் வெடி வைத்தனான். மான் துள்ளி விழுந்து எழும்பி ஓடிவிட்டது. பொழுதுபடும்வரைக்கும் இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்துத் தேடினோம். அடுத்தநாள் காலையும் தேடினோம். கிடைக்கவில்லை. அது எங்கே கிடந்து எத்தனை நாள் துடித்துச் செத்ததோ! என்ரை கண் மங்கிப் போயிற்று, கை நடுங்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். துவக்கை இனித் தொடுவதில்லை என்று பெட்டியிலே வைத்துப் பூட்டினனான்."

புலால் உண்ணாத வீட்டிலே வளர்ந்த எமக்கு வேட்டையில் விருப்பமில்லை. அதனை அவரும் அறிவார். என்றாலும் அவர் முகத்திலே கண்டது வேட்டை தவறிய ஏமாற்றம் அன்று. ஓர் உயிரை அரைகுறையாக வதைத்துவிட்டோமே என்ற வேதனை. ஆதலால், "அத்தான், கண்ணையும் கையையும் குறை சொல்வதற்கு முன்னர் துவக்கைச் சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார். சோதிக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர் பொருத்திக் கொடுத்த குறிகாட்டியை அவர் பின்னர் தொட்டதே இல்லை.

சுடுகளத்தில் ஒரு காலை

அடுத்த சனிக்கிழமை காலை, நகருக்கு வெளியே இருந்த சூட்டுப் பயிற்சிக் களத்துக்குச் சென்றோம். நீண்ட கூரையின் கீழே மேசைகள், எதிரே புல்வெளி, 25, 50, 100, 200 மீற்றர் தூரங்களில் இலக்குப் பலகைகள், அவற்றின் பின்னே உயர்ந்த மண் அணை. செங்கொடி பறக்கும்போது எவரும் துவக்கைத் தொடலாகாது. இலக்கைப் பார்க்க நடக்கும் நேரத்தில் எல்லாத் துவக்குகளும் திறந்தபடி, தோட்டா இன்றி, மேசைமேற் கிடக்கவேண்டும். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. ஒரு கோயிலின் ஒழுங்கை நாம் அங்கே கண்டோம்.

நாம் துவக்கைத் தொடவில்லை. முதல் வெடி கேட்டபோது, காது மூடியையும் மீறி எமது உடல் ஒருமுறை குலுங்கியதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்திலே நின்ற தொலைநோக்கியினூடாகத் துளைகளைப் பார்த்துக் கொப்பியிற் குறித்துக்கொடுப்பதே எமது பணியாயிற்று.

அத்தான் மணல் மூட்டையின்மேல் துவக்கின் முன்கட்டையைக் கிடத்தினார். குழல் எதிலும் முட்டாதபடி பார்த்துக்கொண்டார். குழல் எதன்மேலேனும் அழுந்தினால் சன்னம் வேறிடம் போகும். சோங்கைத் தோளில் அணைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தினார். மூன்று வெடிகள்.

முதற் சன்னம் வட்டத்தின் மேலே, இரண்டாவது வலப்புறத்தில், மூன்றாவது இடப்புறம் கீழே. மூன்றுக்கும் இடையே 22 சென்ரிமீற்றர் பரப்பு.

"பார்த்தீரோ, தம்பி? கைதான்!" என்றார் அத்தான்.

நாமோ அமைதியாக இருந்தோம். அடுத்த மேசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். நரைத்த தாடி, நிதானமான பேச்சு. துவக்கைத் தோட்டா இன்றித் திறந்து காட்டச் சொல்லி, குறிகாட்டியை இரண்டு விரல்களாற் பிடித்து மெல்ல அசைத்தார். அது அசைந்தது! குறிகாட்டியைத் துவக்கோடு பிணைக்கும் வளையத்தின் திருகாணிகளுள் இரண்டு தளர்ந்து கிடந்தன. மோட்டார் வண்டியின் பின்பெட்டியிலே ஆண்டுக்கணக்காகக் குலுங்கியதன் விளைவு. ஒவ்வொரு வெடிக்கும் குறிகாட்டி ஒவ்வொரு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அத்தானின் கை ஓராண்டாகத் தன்மீது சுமத்தப்பட்ட பழியைச் சுமந்திருந்தது.

பரவலும் விலகலும்

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஒரு வெடியை மட்டும் கொண்டு எதனையும் தீர்மானிக்கக்கூடாது. ஒரு துளை எதுவும் சொல்வதில்லை; மூன்று துளைகள் பேசத் தொடங்குகின்றன. துளைகள் சிதறிக் கிடந்தால் பிழை நிலையற்ற ஒன்றில் இருக்கிறது: தளர்ந்த திருகாணியாகலாம், நடுங்கும் கையாகலாம், வெடிக்குமுன் கண்ணைச் சுருக்கும் அச்சமாகலாம், வேறுவேறு வகைத் தோட்டாக்களாகலாம். அந்நிலையிற் குறிகாட்டியைத் திருப்புவது வீண்முயற்சி. துளைகள் ஒன்றாகச் செறிந்து, ஆனால் நடுவை விட்டு விலகிக் கிடந்தால், கை சரியாகவே செய்திருக்கிறது. குறிகாட்டி மட்டுமே பொய் சொல்கிறது. பரவலுக்கு மருந்து வேறு. விலகலுக்கு மருந்து வேறு. ஆய்வுகூடத்திலே அளவீடுகளை எடுக்கும் மாணவனுக்கும் இது பொருந்தும்.

முதியவர் தந்த சிறு கருவியினால் அத்தான் திருகாணிகளை ஒழுங்காக இறுக்கினார். குழல் ஆறும்வரை பத்து நிமிடங்கள் காத்திருந்தோம். சூடேறிய குழல் சன்னத்தைச் சற்று வேறிடம் அனுப்பக்கூடும். பின்னர் மீண்டும் மூன்று வெடிகள். இம்முறை தொலைநோக்கியிற் கண்டபோது எமக்கே மகிழ்ச்சி உண்டாயிற்று. மூன்று துளைகளையும் ஓர் எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம். அவற்றின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 9 சென்ரிமீற்றர் இடப்புறமாகவும் 6 சென்ரிமீற்றர் கீழாகவும் இருந்தது.

"உங்கள் கையிற் குறையில்லை, அத்தான்," என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டும் எட்டும்

இனிக் கணக்கு. ஒரு பாகையில் அறுபது கலைகள் உண்டு. ஒரு கலை என்பது மிகச் சிறிய கோணம். ஆயினும் 100 மீற்றர் தூரத்திலே அது ஏறத்தாழ 2.9 சென்ரிமீற்றராக விரிகிறது. அத்தானின் குறிகாட்டியில் மேல் கீழாக நகர்த்த ஒன்றும், இடம் வலமாக நகர்த்த ஒன்றுமாக இரண்டு குமிழ்கள் இருந்தன. குமிழைத் திருப்பினால் 'டிக், டிக்' என்று சொடுக்கும். ஒவ்வொரு சொடுக்கும் கால் கலை. அஃதாவது 100 மீற்றரில் 7 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். 9 சென்ரிமீற்றரை வலப்புறம் நகர்த்தப் பன்னிரண்டு சொடுக்குகள். 6 சென்ரிமீற்றரை மேலே உயர்த்த எட்டுச் சொடுக்குகள். கொப்பியின் ஓரத்திலே கணக்கிட்டுச் சொன்னோம். அத்தான் எண்ணி எண்ணித் திருப்பினார்.

தொலைநோக்கி இல்லாத பழைய துவக்குகளிலும் கணக்கு இதுவே. அவற்றிலே கண்ணுக்கு அருகே வெட்டுள்ள பின்குறியும், குழலின் நுனியிலே முன்குறியும் இருக்கும். அவற்றுக்கிடையே அரை மீற்றர் தூரம் என்று கொள்வோம். பின்குறி ஒரே ஒரு மில்லிமீற்றர் விலகினாலும், இயல்பொத்த முக்கோணிகளின்படி 100 மீற்றரில் சன்னம் 20 சென்ரிமீற்றர் விலகும். சன்னம் எப்பக்கம் நகரவேண்டுமோ அப்பக்கமே பின்குறியை நகர்த்தவேண்டும்; முன்குறியாயின் எதிர்ப்பக்கம்.

மீண்டும் மூன்று வெடிகள். இம்முறை கருவட்டத்தின் நடுவே மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. சுடுகளத்துக்கு வந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. ஒன்பது தோட்டாக்கள் செலவாகியிருந்தன. ஓராண்டுத் துயரத்தின் காரணம் இரண்டு திருகாணிகளின் தளர்ச்சி! ஆனால் அந்த மான் திரும்பி வரப்போவதில்லை. அதனை அத்தானும் அறிவார், நாமும் அறிவோம்.

இருபது அடியில் தவறிய குறி

அரைகுறையாகப் பட்ட சன்னம் விலங்கை மட்டும் வதைப்பதன்று. மனிதரையும் வதைக்கும் என்பதற்கு இந்திய வேட்டை வரலாற்றிலே மறக்க முடியாத சான்று ஒன்றுண்டு. இமயமலையடிவாரத்துக் குமாவோன் பகுதியிலே சம்பாவத் என்ற ஊரைச் சூழ்ந்து திரிந்த பெண்புலி ஒன்று, முதலில் நேபாளத்திலும் பின்னர் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றது என்பர். 1907ஆம் ஆண்டு ஜிம் கோர்பெற் அதனைச் சுட்டு வீழ்த்தினார். வீழ்ந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியாகவும், கீழ்க்கோரைப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட சன்னத்தின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போனதாலேயே அது மனிதரைத் தின்னத் தொடங்கியது என்று கோர்பெற் எழுதினார். இலக்குத் தவறிய ஒரு வெடிக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன!

அந்தப் புலியின் இறுதிக் கணத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. கோர்பெற் கொண்டு சென்ற மூன்று தோட்டாக்களும் தீர்ந்துவிட்டன. காயமுற்ற புலி பாறைமேல் நின்றது. உடன் வந்த தாசில்தாரின் துவக்கை வாங்கிக்கொண்டு ஓடினார். அதன் குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்ததை அவர் அப்போதுதான் கண்டார். இருபது அடி தூரத்திலிருந்து புலியின் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். சன்னம் வாயிற் படவில்லை; முன்னங்காற் பாதத்திற் பட்டது. புலி ஏற்கெனவே இறக்கும் தறுவாயில் இருந்தமையால் அவர் பிழைத்தார். உலகம் போற்றும் வேட்டைக்காரருக்கே, சோதித்தறியாத துவக்கு இருபது அடியிலே குறி தவறச் செய்தது என்றால், மற்றவர்களின் நிலை என்ன?

பெய்ஜிங்கில் ஒரு நிமிடம்

மாணவன் கேட்ட ஒலிம்பிக் கேள்விக்கு இப்போது வருவோம். 2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியின் இறுதிச் சுற்று. இந்தியாவின் அபினவ் பிந்திரா களத்தில் நின்றார். இப்போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்பகுதியின் விட்டம் அரை மில்லிமீற்றரே. ஒரு குண்டூசித் தலையினும் சிறியது. போட்டி வெடிகளுக்கு முன்னர் சரிபார்ப்பதற்காகச் சில வெடிகள் வைக்க அனுமதி உண்டு. அந்தச் சோதனை வெடிகளுள் ஒன்று 4.2 புள்ளியிற் போய்ப் பட்டது. உலகத்தரம் வாய்ந்த வீரர் ஒருவருக்கு இது நம்ப முடியாத வீழ்ச்சி.

அவ்வேளை பிந்திரா தம் கையைச் சந்தேகித்துக் கலங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குறிகாட்டியின் நிலை மாறியிருப்பதை அவர் உணர்ந்தார். எஞ்சிய சிறுபொழுதில் அதனைத் திருப்பிச் சரிசெய்தார். இறுதிச் சுற்றின் முதல் வெடி 10.7. கடைசி வெடிக்கு முன்னர் பின்லாந்தின் ஹென்ரி ஹக்கினெனும் அவரும் சமநிலையில் இருந்தனர். ஹக்கினென் 9.7 எடுத்தார், பிந்திரா 10.8 எடுத்தார். மொத்தம் 700.5 புள்ளிகள். தனிநபர் போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

இதே 10 மீற்றர் துவக்குப் போட்டியிலே, கடலூரிற் பிறந்து குஜராத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு றியோ டி ஜெனெய்ரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றார் என்பதும் எமது மாணவிகள் அறியவேண்டிய செய்தி. இவர்களெல்லாரும் போட்டிக்கு முன்னர் சுட்டுச் சுட்டுப் பார்ப்பது ஐயத்தினால் அன்று. முச்சை கட்டும் பையனுக்குத் தெரிந்த அதே உண்மை அவர்களுக்கும் தெரிந்திருப்பதனால்.

தசரதனின் அம்பு

துரோணர் மரக்கிளைப் பறவையைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்ட கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்ற அருச்சுனனைப் போற்றுகிறோம். நல்ல கதைதான். ஆனால் வேட்டைக்காரன் நினைவில் வைக்க வேண்டியது தசரதனின் கதை. இருளிலே குடத்தில் நீர் நிறையும் ஓசையைக் கேட்டு, யானை நீர் அருந்துகிறது என்றெண்ணி அம்பு எய்தான். அவன் அம்பு குறி தவறவில்லை. ஓசை வந்த இடத்திலேயே பாய்ந்தது. பாய்ந்தது கண்ணிழந்த பெற்றோரைத் தாங்கிய மகனின் மார்பில். குறிகாட்டி எவ்வளவு செம்மையாகப் பொருந்தியிருந்தாலும், எதனைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணாரக் காணாமல் விசையைத் தொடலாகாது. ஒன்ராறியோவில் மான் வேட்டைக் காலத்திலே வேட்டைக்காரர் செம்மஞ்சள் உடை அணியவேண்டும் என்று சட்டம் விதித்திருப்பதும் இதனாலேயே.

எமது நாட்டிலே துவக்குகள் 1916ஆம் ஆண்டின் சட்டத்தினாலும், வனவிலங்குகள் 1937ஆம் ஆண்டின் சட்டத்தினாலும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. ஆதலால் இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் துவக்குத் தேடிப் புறப்பட வேண்டியதில்லை. எம் மாணவர்கள் கற்கவேண்டியது அதன் பின்னுள்ள நெறியை.

250 மீற்றரில் ஒரு மான்

அவ்வாண்டு கார்த்திகையிலே நாம் உடுப்பிட்டிக்குத் திரும்பிவிட்டோம். ஒருநாள் இரவு அத்தானிடமிருந்து தொலைபேசி வந்தது. வெளியே மழை, வாடைக்காற்றில் முற்றத்து வாழைகள் கிழிபடும் ஓசை.

"தம்பி, இன்றைக்கு ஒரு மான் கண்டனான். நல்ல பெரிய கலைமான். வயலின் கரையிலே நின்றது."

"வெடி வைத்தீர்களா, அத்தான்?"

"இல்லை. இருநூற்றைம்பது மீற்றர் இருக்கும். காற்றும் குறுக்கே அடித்தது. அந்தத் தூரத்திலே நான் ஒருநாளும் சுட்டுப் பார்க்கவில்லை. துவக்கைத் தூக்காமலே பார்த்துக்கொண்டு நின்றனான். அது மேய்ந்துவிட்டுப் போயிற்று."

கொப்பியிற் குறித்த கணக்கை நினைத்துக்கொண்டோம். மானின் இருதயமும் நுரையீரலும் அமைந்த இடம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்டம். நடுவைக் குறிபார்த்தால், 200 மீற்றரிலேயே சன்னம் 11 சென்ரிமீற்றர் தாழ்ந்து அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். 250 மீற்றரில் 23 சென்ரிமீற்றர் தாழும். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகக் குறுக்குக் காற்று 100 மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றர் அளவே தள்ளும். தூரம் கூடக்கூட அத்தள்ளல் பன்மடங்காகும். அன்று அத்தான் வெடி வைத்திருந்தால் மற்றுமொரு மான் காட்டுக்குள் இரத்தம் சிந்திக்கொண்டு ஓடியிருக்கும்.

துவக்குக்குக் குறி பொருத்துவதன் முழுப்பயனையும் நாம் அந்தத் தொலைபேசியிலேதான் உணர்ந்தோம். எதனை வீழ்த்தலாம் என்பதை மட்டும் அது கற்பிப்பதில்லை. எந்த வெடியை வைக்கக்கூடாது என்பதையும் கற்பிக்கிறது. தன் கருவியின் எல்லையை அறிந்தவனே கையை அடக்கவும் வல்லவன்.

கதையைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் மணி அடித்தது. கேள்வி கேட்ட மாணவன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, "அப்படியானால், சேர், சோதனையிற் புள்ளி குறைந்தாலும் ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்லக்கூடாதுதானே?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியிலே, ஒரே ஒரு விடைத்தாளைக் கொண்டு நாம் தீர்ப்புச் சொல்லிவிட்ட பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.